பெட்ரோல் துரைக்கு ஒரு படையல்

பெட்ரோல் என்பது ஒரு ஆளின் பெயர் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. நான் மட்டுமில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அதற்காக எங்கள் வீட்டாரை யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஏரிப் பாய்ச்சலில் எங்களுக்கு இருந்ததைப் போல நஞ்சை வைத்திருந்தவர்கள் குறைவு. நெல்லைப் பற்றியோ, மாட்டைப் பற்றியோ, மழையைப் பற்றியோ எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும். பெட்ரோலைப் பற்றி எங்களுக்கு ஒருவர் வந்து சொல்லத்தான் சொன்னார். அவர் சொன்ன சொல்தான் இரண்டு பக்கமும் பல் வைத்த சீப்பாக இருந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் என் சின்ன அத்தை மணலில் விரலால் எழுதிக் காட்டியவை. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த நாட்கள் சொற்பம். இது அவளுடைய கதை என்பதால் அவள் கொடுத்த எழுத்தே இதற்குப் போதும்.

அப்போது எங்கள் வீட்டில் நைனா, அம்மா, நான், நைனாவுக்கு மூத்தவளான பெரியத்தை, இளையவளான சின்னத்தை. பெரியத்தை கலியாணமான வேகத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வந்த அன்றைக்கே சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். நைனா மீசை வைத்திருந்தார், ஆனால் வீட்டை நடத்தியது பெரியத்தை. சின்னத்தைக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஐந்தாவது வரை படித்தவள். அந்தப் பங்குனியில் அவளுடைய கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து நிலபுலம் உள்ள ஒருவருக்காகக் கேட்டு, பூ வைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் முன்னே பின்னே. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருடைய எருமைகளைப் பற்றியே அதிகம் பேசினார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மெட்ராஸில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. வழக்கமாக ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறவர், அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். வருவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிட்டது. கல்கத்தா ரோட்டிலிருந்து பிரிந்து வரும் மண் பாதையில் புழுதி ஒரு மாலையைப் போல எழும்பி, பனைமரங்களுக்குப் பின்னால் மெல்ல நகர்ந்து வந்ததை நான் ஏரிக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புழுதிக்குள்ளிருந்து மாமா பிறந்து வருவதுபோல் இருந்தது.

அது சண்டைக் காலத்துப் பட்டாள வண்டி. பாசி நிறம். யாரோ போட்டுவிட்டுப் போனதை ஏலத்தில் எடுத்து, தானே பிரித்துத் தானே கோத்தேன் என்று மாமா சொன்னார். அறுப்பு முடிந்து வெறுமையாகக் கிடந்த களத்தின் நடுவில், ஒரு நிழலும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். நைனா வாயில் பீடியோடு சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெய்த் தொட்டியின் மூடியை மாமா திறந்ததும், உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தார்.

மாமா பாய்ந்து நைனாவின் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டார்.

ஒரு வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள், அந்த வீட்டுக்காரர் வாயிலிருந்து பீடியைப் பிடுங்குவது எங்கள் பக்கத்தில் தலைப்பாகையைத் தட்டிவிடுவதற்குச் சமம். களத்தில் நின்ற எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள்.

"இன்னா மச்சான், எங்கூட்டுக் களத்துல வந்து எம் பீடியவே புடுங்கறியா?" என்றார் நைனா.

"கோச்சிக்காதீங்க மாமா. இதுல ஆவி கீது. நெருப்பக் கண்டா விடாது. வைக்கப்போரு, ஊடு எல்லாத்தையும் கொளுத்திட்டுத்தான் நிக்கும்."

பெரியத்தை ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆவியா? யாரோட ஆவி?"

மாமா சிரித்துவிட்டார். "பெட்ரோலோட ஆவிதாங்க, வேற யாரோடது?"

சீப்புக்கு இரண்டு பக்கமும் பல் என்றேனே, அது இதுதான். ஆவி என்றால் அண்டாவில் எழும்புவதும் ஆவி, செத்தவன் விட்டுப்போவதும் ஆவி. மாமா ஒரு பல்லில் சொன்னார், எங்கள் வீடு மறு பல்லில் கேட்டுக்கொண்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு. செத்தவர்களைப் பற்றிச் செவ்வாய்க்கிழமையில் மேற்கொண்டு விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மாமா வந்த காரியம், சின்னத்தையைத் தனக்குக் கேட்பது. அம்மா அதை அன்று இரவே பெரியத்தையின் காதில் போட்டாள். பெரியத்தை ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாளாம். பெரியத்தையின் "பாக்கலாம்" நடவுக்கு முந்தின வானம்போல. எந்தப் பக்கம் பெய்யும் என்று சொல்ல முடியாது.

மறுநாள் விடியற்காலையில் சின்னத்தை கிணற்றடிக்குப் போனபோது நான் கூடப் போனேன். மாமா கிணற்றின் அந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இரண்டு பேரும் கிணற்றுக்குள்ளே பார்த்துப் பேசினார்கள். கிணற்றோடு பேசினால் அது ஆளோடு பேசிய கணக்கில் வராது போலும். மாமாவின் பேச்சு கீழே போய்த் தண்ணீரைத் தொட்டுக் குளிர்ந்து மேலே வந்தது. சின்னத்தையின் பேச்சு அப்படியே போய் வந்தது. நான் குடத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு குரலும் உள்ளே ஒன்றாகச் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நேத்து எதுக்கு அப்படி ஓடன? அண்ணனுக்கு மூஞ்சே செத்துப்போச்சி."

"பின்ன? பெட்ரோலுன்னா இன்னான்னு நெனச்சிக்கினே? மண்ணெண்ணெ மாதிரி சாது இல்ல அது. நெல்லு அவிக்கிற அண்டாவத் தொறந்தா ஆவி வருதா இல்லியா? இது அடுப்பே இல்லாம, சும்மா வெயில்லயே ஆவியா வரும். ஆனா கண்ணுக்குத் தெரியாது. மேல போவாது. தரையோட தரையா படுத்துக்கினு போவும். எங்கியோ ஒருத்தன் சுருட்டு புடிச்சிக்கினு நிப்பான். அங்க போயி நெருப்பப் புடிச்சிக்கினு, வந்த வழியே ஊட்டுக்குத் திரும்பி வரும்."

"அய்யோ. அத்தப் போயி வண்டியில வெச்சிக்கினு வர்றியே?"

"அத்தக் கட்டி மேய்க்கத் தெரிஞ்சா மாடு மாதிரி. குழாயில ஒரு வாசரு தேஞ்சிபோச்சி, ஒழுவுது. அடில தகர டப்பா வெச்சிருக்கேன். மெட்ராஸ் போயி வாசரு வாங்கிக்கினு நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் கிட்ட நெருப்பு கொண்டாராம பாத்துக்கோ."

சின்னத்தை தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினாள். என்னிடம் திரும்பி, இங்கே யாரும் பேசவில்லை என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன். கிணறுதானே பேசியது.

மாமா ரயிலுக்குப் போன பிறகுதான் அடுப்பங்கரையில் பெரியத்தை வாயைத் திறந்தாள். இரவெல்லாம் யோசித்திருக்கிறாள். பட்டாளத்து வண்டி. வெள்ளைக்காரன் ஓட்டியது. பெட்ரோல் என்று ஒரு துரை. வண்டி மேலேயே செத்திருக்க வேண்டும்.

"பாவம், பெத்தவங்க எந்தத் தேசத்துல கீறாங்களோ. ஒரு வாய் தண்ணி ஊத்த நாதியில்லாம வண்டியச் சுத்திக்கினு கீறான்."

"அதானே பாத்தேன்," என்றார் நைனா. "நேத்து குனிஞ்சப்ப ஒரு வாட வந்துது அக்கா. தொரைங்க பூசிக்கிற செண்டு."

அம்மா மெதுவாகக் கேட்டாள், அப்படியானால் தம்பியின் காரியம் என்ன ஆவது என்று.

"ஆவி ஏறின வண்டிய வெச்சிக்கினு கீறவனுக்கு எப்டிம்மா பொண்ணு குடுக்கிறது? இவ பின்னால குந்திக்கினு போவா. தொரை ரெண்டு பேருக்கும் நடுவுல குந்திக்கினு வருவான். நல்லாவா இருக்கும்?" என்றாள் பெரியத்தை.

அப்புறம் பெரியத்தை தீர்ப்புச் சொன்னாள். நாளை உச்சி வேளையில் துரைக்குப் படையல். ஏற்றுக்கொண்டால் அவன் வழியே போய்விடுவான், பிறகு மாமாவுக்குப் பெண் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஏற்கவில்லை என்றால் அன்றைக்கே பொன்னேரிக்கு ஆள் போகும். ஏற்றானா இல்லையா என்பதை சிகரெட்டு சொல்லும். முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைப்பதில்லையா? அதேபோல ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து வண்டிக்கு அடியில் வைக்க வேண்டும். கடைசி வரை அணையாமல் எரிந்தால் துரை பிடித்துவிட்டான் என்று அர்த்தம்.

சின்னத்தை அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அக்கா, பெட்ரோலுன்னா ஆளு இல்லக்கா. அது எண்ணெ. ஆவின்னா..."

"உனக்கு யாரு சொன்னது?"

பெரியத்தை அதைக் கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். ஆனால் அம்மாகூட நிமிர்ந்து பார்த்தாள். கலியாணப் பேச்சு நடக்கும்போது கேட்க வந்தவனோடு பெண் தனியாகப் பேசினாள் என்றால், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாமாவுக்கு அப்புறம் எங்கள் வாசலே கிடையாது. சின்னத்தை என்னைப் பார்த்தாள். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல," என்றாள் சின்னத்தை.

"அப்ப கீரைய உருவு."

நைனாவுக்கு அன்று துரையின் மேல் ஒரே கரிசனம். குளிர்தேசத்து ஆள், களத்து வெயிலில் காய்கிறானே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வைக்கோல் போரின் நிழலில் நிறுத்தினார். தகர டப்பாவையும் மறக்காமல் எடுத்துவந்து அடியில் வைத்தார். போருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. கொட்டகையை ஒட்டி எங்கள் கூரை வீடு. சின்னத்தை தண்ணீர் எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போவதும், நிற்பதும், திரும்புவதுமாக இருந்தாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவள் சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் எல்லோரும் படையல் வேலையாக இருந்தபோது நான் போய்த் துரையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாசனையை எப்படிச் சொல்வது? நெல் வாசனை, சாண வாசனை, பழவேற்காட்டிலிருந்து வரும் உப்புக் காற்றின் வாசனை எல்லாம் எனக்குத் தெரியும். இது எதிலும் சேராதது. இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. மூக்கு வழியாகப் போய்க் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தாலாட்டியது. டப்பாவில் சொட்டு விழும் சத்தம் தூரத்தில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. டப்பாவின் ஓரத்தில் சிந்தியிருந்த ஈரத்தில் மயில் கழுத்து நிறமெல்லாம் ஓடியது.

பிறகு நான் துரையைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. டப்பாவுக்கு மேலே காற்று நெளிந்தது. அதன் வழியாகப் பார்த்தபோது களமும் பனைமரமும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைந்தன. துரை நிறமில்லாமல் நீளமாக, வைக்கோல் நுனிகளைத் தடவிக்கொண்டு, தரையோடு தரையாகப் படுத்து, என் பாதத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் ஊர்ந்து போவதாக எனக்குத் தோன்றியது. கால் சில்லென்று இருந்தது. எங்கேயோ தூரத்தில் கூட்ஸ் வண்டி போனது, போய்க்கொண்டே இருந்தது. அதில் ஏறித் துரையோடு அவர் தேசத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு அப்படியே போரில் சாய்ந்துவிட்டேன். அம்மா வந்து தோளைப் பிடித்து எழுப்பியபோது தலை கனத்தது. ஒருவேளை அன்றைக்கு யாரும் எழுப்பாமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

உச்சி வேளை வந்தது. வண்டிக்கு எதிரே கொஞ்சம் தள்ளி வாழை இலை போட்டிருந்தது. துரைக்குச் சோறு சாம்பார் ஆகுமா என்று யோசித்து, ஸ்டேஷன் டீக்கடையிலிருந்து பன்னு வாங்கிவந்திருந்தார்கள். அவித்த முட்டை. கோலி சோடா. சாராயம்தான் முறை, ஆனால் அது மதுவிலக்குக் காலம். துரை சர்க்காருக்குக் கட்டுப்பட்டவன், புரிந்துகொள்வான் என்றார் நைனா. கற்பூரத்தைப் பெரியத்தை தாம்பாளத்தில் வைத்து, ஏற்றாமல், வேப்பிலைக் கொத்தோடு நின்றாள். முதலில் சிகரெட்டு, பிறகு கற்பூரம் என்பது அவள் கணக்கு.

நைனா அடுப்பங்கரைக்குள் போய்க் கொள்ளிக்கட்டையில் சிகரெட்டைப் பற்றவைத்து, அணைந்துவிடாமல் இருக்க ஓர் இழுப்பு இழுத்து, இரண்டு கைகளாலும் காற்றுக்கு மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். கோவிலில் தீபம் கொண்டுவருவதுபோல மெள்ள மெள்ள வந்தார். வாசலைத் தாண்டினார். உரல் கல்லைத் தாண்டினார். மாட்டுக் கொட்டகையின் முனைக்கு வந்தார்.

"நோ!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. அது ஆண்குரலாக இருந்தது. திரும்பினால் சின்னத்தை நின்றாள். பின்னல் அவிழ்ந்து முடி முழங்கால் வரை தொங்கியது. கண் மேலே செருகியிருந்தது.

"நோ! கோ! கம்!" என்றாள் சின்னத்தை. நைனா சிலையாகிவிட்டார். சின்னத்தை நேராக அவரிடம் வந்து கையை நீட்டினாள்.

"குடு எஞ் சிகரெட்ட."

நைனா கொடுத்துவிட்டார். சின்னத்தை அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெண், பூ வைக்கக் காத்திருக்கிற பெண், வாயில் சிகரெட்டோடு எல்லோருக்கும் எதிரே நின்று புகை விட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொரை இவ மேல எறங்கிட்டான்," என்றாள் பெரியத்தை.

துரை வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, வேகமாக, காற்று வீசுகிற பக்கத்துக்கு எதிராக ஏரிக்கரையை நோக்கி நடந்தான். வீடே பின்னால் போனது. பெரியத்தை வேப்பிலையோடு, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நைனா பன்னையும் முட்டையையும் சோடாவையும் சுமந்துகொண்டு. பங்குனி ஏரியில் தண்ணீர் நடுவில்தான் இருந்தது. கரையைத் தாண்டிச் சேறு வரை போய்த் துரை உட்கார்ந்தான். புகையை விழுங்க முடியாமல் இருமினான். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. தாய்நாட்டை நினைத்து அழுகிறான் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

"இன்னா கொறை தொரை உனக்கு? சொல்லு, செய்யிறோம்," என்றாள் பெரியத்தை.

"எவன் என் வண்டிய வைக்கப்போருகிட்ட நிறுத்தினது?"

"நான்தாங்க தொரை," என்றார் நைனா. "வெயிலு உங்களுக்கு ஆவாதேன்னு..."

"போருகிட்டதாண்டா எனக்கு ஆவாது! காத்தாடத் தனியா நிக்கணும். இப்பவே தள்ளிக்கினு போ, களத்துக்கு நடுவுல. அந்த டப்பாவ மூடு. உங்கிட்ட கீற பீடி, நெருப்புக்குச்சி எல்லாத்தையும் இங்கியே வெச்சிட்டுப் போ."

நைனா மடியிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துச் சேற்றோரம் வைத்துவிட்டு ஓடினார். தங்கை வாயால் "டா" வாங்கிய ஒரே அண்ணன் எங்கள் தாலூக்காவில் அவராகத்தான் இருப்பார்.

"பீடி ஆவாது. சுருட்டு ஆவாது. கற்பூரங்கூட ஆவாது," என்று துரை சொல்லிக்கொண்டே போனான். பெரியத்தை ஒவ்வொன்றுக்கும் "சரி தொரை, சரி தொரை" என்றாள். சிகரெட்டு விரலைச் சுடும் வரை வந்ததும், துரை அதைச் சேற்றுத் தண்ணீரில் அமுக்கினான். சுர்ரென்று ஒரு சத்தம். அதன் பிறகும் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தான். அம்மா சோடாவை உடைத்துக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தான். குடித்தது புரையேறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி இருமி, கடைசியில் பெரியத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுது அக்கா," என்றான்.

பெரியத்தையின் கையிலிருந்த வேப்பிலை நின்றுவிட்டது.

அவள் துரையின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திவிட்டுப் போனது. பெரியத்தை வேப்பிலையைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்து, "நீ போயி அவன் ஒயுங்கா வண்டியத் தள்றானான்னு பாரு," என்றாள். அம்மா போனாள். நான் போகவில்லை. நான் அங்கே இருப்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

பெரியத்தை சேற்றிலேயே உட்கார்ந்தாள். துரையின் நெஞ்சை நீவிவிட்டாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். நான் கேட்டறியாத மெதுவான குரலில், "தொரை, ஒன்னு கேக்கிறேன். இந்தப் பொண்ண யாருக்குக் குடுக்கிறது? பொன்னேரிக்காரருக்கா, வண்டிக்காரனுக்கா?" என்றாள்.

துரை தலையைக் குனிந்து சேற்றையே பார்த்தான்.

"பயப்படாத. சொல்லு. நீ சொன்னா சொன்னதுதான்."

ஒரு வெள்ளைக்காரத் துரையைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்கிறாளே, பெரியத்தைக்கு என்ன தைரியம் என்று எனக்குப் புல்லரித்தது.

"வண்டிக்காரனுக்கு," என்றான் துரை. குரல் ஆண்குரலாக இல்லை. கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டான். "டேங்கு ஒழுக்க அடைச்சிட்டு வரச்சொல்லு, மொதல்ல."

பெரியத்தையின் வாய்க்கோணம் ஒரு தரம் துடித்தது. "அப்டியே ஆவட்டும் தொரை. வெயிலு ஏறுது, எறங்கிக்கோ," என்று சொல்லி ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். சின்னத்தை பெரியத்தையின் மடியில் விழுந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பெரியத்தை அவிழ்ந்த முடியைக் கையில் அள்ளி, சிக்கெடுத்து, ஏரியைப் பார்த்துக்கொண்டே பின்ன ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மாமா வந்தார். நைனாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் நடந்ததைச் சொன்னார்கள். மாமா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சிகரெட்ட எங்க பத்த வெச்சீங்க?"

"அடுப்பங்கரையில."

"எது வரைக்கும் கொண்டாந்தீங்க?"

நைனா நடந்துபோய்க் கொட்டகை முனையில் நின்று காட்டினார். மாமா வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போனார். டப்பா இருந்த இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். அங்கிருந்து கொட்டகை முனையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த வாசர் அளவு சேரவில்லை போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டேன்.

பொழுது சாய்வதற்குள் அந்த ஈரமண்ணைக் கொட்டாங்கச்சியில் அள்ளி ஏரிக்குக் கொண்டுபோய், நீளக் கழி நுனியில் நெருப்பைக் கட்டி நீட்டிக் காட்டினார். நெருப்பு தொடுவதற்கு முன்பே குப்பென்று மண் எரிந்தது. நைனா இரண்டு எட்டுப் பின்னால் போனார். அதற்குப் பிறகு அவர் பீடி குடிக்க ஏரிக்கரைக்குத்தான் போவார், மழையானாலும். "இன்னா கோவம் பாரு தொரைக்கு," என்றாள் பெரியத்தை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. பொன்னேரிக்காரர்களுக்கு, துரை உத்தரவு என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் மறுபேச்சுப் பேசவில்லை. துரை சொன்னதற்கு மேல் யார் பேசுவது?

எனக்கு அந்த வருஷம் முழுக்கப் பேச வேறு விஷயமே இல்லை. களத்துக்கு விளையாட வந்த பிள்ளைகளிடம், கீரை விற்க வந்தவளிடம், அம்மாவைப் பார்க்க வந்த உறவுக்காரர்களிடம், எல்லோரிடமும் சொன்னேன். வெள்ளைக்காரத் துரை எங்கள் பெரியத்தையை "அக்கா" என்று கூப்பிட்டார், நான் என் காதால் கேட்டேன் என்று. சின்னத்தை அதைக் கேட்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். பெரியத்தை மட்டும், "ஆமாண்டி, கூப்டாரு," என்பாள். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பெரியத்தையைப் பார்த்தால் எந்தத் துரைதான் அப்படிக் கூப்பிட மாட்டான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.